டிராஃப்ட் திரும்பினால் சென்னை ஜெயிக்காது

“பழையபடி டிராஃப்ட்டைக் கொண்டுவந்தால்தான் சென்னை மறுபடியும் கப் அடிக்கும்.” சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்து கேலரியில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்தில், கரையேற்றிய படகுகளுக்குப் பக்கத்தில் பந்தாடிவிட்டு மணலில் உட்காரும் பையன்கள் வாயிலும் கேட்கிறேன். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கை (ஐ.எஸ்.எல்.) நிறுத்திவைத்தார்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை என்பது காரணம். அன்றிலிருந்து லீக்கை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாத் திட்டத்திலும் டிராஃப்ட் இருக்கிறது. இந்தக் கருத்து தவறு. சென்னைக்கும் தமிழ்நாட்டுக்கும் கேடு செய்யக்கூடிய தவறு.

முதலில் எதிர்த்தரப்பு சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன். டிராஃப்ட் என்பது இதுதான்: இந்திய வீரர்களின் பெயர்கள் ஒரே பட்டியலில் இருக்கும். சம்பளம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுக்கும். ஏலம் மாதிரி விலை ஏறாது. ஐ.எஸ்.எல்.லில் இது 2014, 2015, 2017 ஆகிய வருடங்களில் நடந்தது. பிறகு கைவிடப்பட்டது, மன்றங்கள் நேரடியாக ஒப்பந்தம் போடத் தொடங்கின. டிராஃப்ட் இருந்த காலத்தில் சென்னை இரண்டு முறை சாம்பியன். போன பிறகு ஒரு முறைகூட இல்லை. மும்பையின் பின்னால் 2019 முதல் 2025 வரை சிட்டி ஃபுட்பால் குழுமம் நின்றது. மோகன் பகானின் பின்னால் பெரும் தொழில் குழுமம் நிற்கிறது. இவர்கள் தேசிய அணி வீரர்களை அள்ளிக்கொண்டு போகும்போது சென்னை மிச்சத்தைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. முறை வைத்து எடுத்தால் எல்லோருக்கும் சம வாய்ப்பு. ஏஜெண்டுகளின் பிடியும் தளரும். உலகத்திலேயே பணக்கார லீக்கான, அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். இப்படித்தான் நடக்கிறது. நம் ஊர்ப் பையன்களும் பட்டியலில் ஏறுவார்கள், கண்ணில் படுவார்கள்.

இவ்வளவுதான் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்பவர்கள் அணியை உயிராக நேசிப்பவர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இனி ஒவ்வொன்றாக.

1. சமத்துவம் எங்கே வந்தது?

டிராஃப்ட் காலம் என்று இவர்கள் கொண்டாடும் முதல் நான்கு சீசன்களை எடுத்துக்கொள்வோம். 2014 கொல்கத்தா. 2015 சென்னை. 2016 மறுபடியும் கொல்கத்தா. 2017-18 மறுபடியும் சென்னை. நான்கு கோப்பை, இரண்டே ஊர். டிராஃப்ட் போன பிறகு வந்த நான்கு சீசன்களைப் பாருங்கள்: பெங்களூரு, கொல்கத்தா, மும்பை, ஹைதராபாத். நான்கு கோப்பை, நான்கு ஊர். பலத்தைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை என்றால் கணக்கு இதற்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? நான்கு சீசன் சிறிய காலம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறிய காலத்தை வைத்துத்தான் அவர்களும் வாதாடுகிறார்கள்.

முதல் தேர்வு கிடைத்த அணி என்ன ஆனது? 2017 ஜூலை 23-ஆம் தேதி மும்பையில் நடந்த டிராஃப்ட்டில் பட்டியலில் இருந்தவர்கள் 205 பேர். புதிய அணியான ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. 1.10 கோடி ரூபாய். அன்று நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் அவர். அந்த சீசனில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது இடம், அரையிறுதிக்கு வரவில்லை. புதிய அணிக்கு ஐந்தாம் இடம் மரியாதையான இடம்தான். ஆனால் முதல் தேர்வு கோப்பையைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை.

2. நம் இரண்டு கோப்பைகளை யார் கொண்டுவந்தார்கள்?

இது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் எல்லோரும் அதைத் தவறாக நினைவில் வைத்திருக்கிறோம். 2015-இல் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கிக் கிடந்ததால் நம் அரையிறுதி ஆட்டம் புனேயில் நடந்தது. இறுதி ஆட்டம் கோவாவின் ஃபதோர்டாவில். கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரணிக் கோல்கீப்பரின் சுயகோலாலும் மெண்டோசாவின் காலாலும் 3-2 என்று ஜெயித்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே நம்மைப் பின்னுக்குத் தள்ளினார். மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. கோல் அடித்த இருவரும் பிரேசில்காரர்கள். இந்திய வீரர்களின் டிராஃப்ட் பட்டியலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

இந்திய முதுகெலும்பு? 2017-இல் ஜேஜே லால்பெக்லுவாவையும் கரண்ஜித் சிங்கையும் மன்றம் டிராஃப்ட்டுக்கு முன்பே தக்கவைத்துக்கொண்டது. இருபத்தோரு வயதுக்கு உட்பட்டோர் வரிசையில் அனிருத் தாபாவும் ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் அப்படியே இருந்தார்கள். அந்த சீசனில் ஒன்பது கோல் அடித்த ஜேஜே சென்னைக்கு 2014 முதல் ஆடிவந்தவர். கரண்ஜித்தும் தோய் சிங்கும் 2015-இல் வந்தது ஏலத்தில். அந்த வருடம் முன்னணி வீரர்கள் பத்துப் பேருக்கு மட்டும் தனியாக ஏலம் விட்டார்கள். கரண்ஜித்துக்கு 60 லட்சமும் தோய் சிங்குக்கு 86 லட்சமும் சென்னை கொடுத்தது. அதே ஏலத்தில் 1.20 கோடிக்கு சேத்ரியை எடுத்த மும்பை எட்டு அணிகளில் ஆறாவதாக முடித்தது. நடுக்களத்தில் சில இடங்களை டிராஃப்ட் நிரப்பியது உண்மை. ஆனால் நம்மை ஜெயிக்க வைத்தது, நல்ல ஆட்களை வருடக்கணக்கில் விடாமல் பிடித்து வைத்திருந்தது. டிராஃப்ட்டின் விதி அதற்கு எதிரி. தக்கவைத்த சிலரைத் தவிர மற்ற எல்லோரையும் கலைத்துப் பட்டியலில் போடு என்பதுதான் அதன் விதி.

அடுத்த வருடம் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-19-இல், அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரி, ஏறத்தாழ அதே அணி. 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த வருடம் சீசன் நடுவே ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்தார். டிராஃப்ட் இல்லாமலே கட்டிய அணி, 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் முன்னால் ஓட, இறுதி ஆட்டம் வரை போனது. டிராஃப்ட்தான் ஏற்றியது, அது போனதுதான் இறக்கியது என்றால் இந்த இரண்டு வருடங்களை எங்கே வைப்பது?

3. அமெரிக்காவைக் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் காட்டுகிறார்கள்.

என்.எஃப்.எல். தன் முதல் டிராஃப்ட்டை 1936-இல் நடத்தியது. முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-ஆம் வருடம் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார். ஆளைக் கணிப்பதில் அங்கேயே இவ்வளவு தடுமாற்றம். ஆனால் அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. அமெரிக்காவில் வீரனை உருவாக்கும் செலவைக் கல்லூரிகள் ஏற்கின்றன. பதினெட்டு வயதுப் பையனுக்கு மைதானம், பயிற்சியாளர், சாப்பாடு, மருத்துவர், வாரா வாரம் போட்டி எல்லாம் கல்லூரியில் கிடைத்துவிடுகிறது. லீக் அறுவடைக்கு மட்டும் வருகிறது. அந்தக் கல்லூரிகளை எடுத்துவிட்டால் டிராஃப்ட் மேடையில் படிக்கப் பெயர் இருக்காது.

நம்மிடம் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒரு காலத்தில் இருந்தது. சென்னை லீக்கில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி என்று அலுவலக அணிகள் ஆடின. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் காலையும் மாலையும் பயிற்சி. இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக்கின் உச்சப் பிரிவு வரை போனது. கால்பந்து வீரர் சையது சாபிர் பாஷா அந்த வழியில் வந்தவர்தான். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் சுருங்கின, அணிகள் மெலிந்தன, அந்த வழியும் குறுகிவிட்டது. அந்த இடத்தை இன்னும் யாரும் முழுதாக நிரப்பவில்லை. இதைச் சரிசெய்யாமல் டிராஃப்ட் மேடை போடுவது, வலையே வீசாமல் கரையில் நின்று மீனைக் கூறு போடுவதற்குச் சமம்.

கால்பந்து என்று வரும்போது அமெரிக்காவே டிராஃப்ட்டை விட்டு விலகி வருகிறது. அங்குள்ள கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் கல்லூரி மாணவர்களை எடுக்கும் டிராஃப்ட் இன்னும் இருக்கிறது. ஆனால் மன்றங்கள் சொந்த அகாதமியில் வளர்த்த பையன்களை டிராஃப்ட்டுக்கு அனுப்பாமல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி வந்த பிறகு அதன் மதிப்பு தேய்ந்துவிட்டது. வான்கூவர் அகாதமியில் வளர்ந்த அல்ஃபோன்சோ டேவிஸ் பயர்ன் மியூனிக்குக்குப் போனது டிராஃப்ட் வழியாக அல்ல. தென் கொரியாவின் கே லீக்கும் புதுமுகங்களுக்கான டிராஃப்ட்டைப் படிப்படியாகக் கைவிட்டது. அவர்கள் விட்டதை நாம் ஏன் எடுக்க வேண்டும்?

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அதனால்தான் வீரன் மேடையில் பிறக்கிறான் என்று தோன்றுகிறது. மேற்கு மாம்பலத்து அஷ்வினை எந்த ஏலமும் உருவாக்கவில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டிவிஷன் டிவிஷனாக நடத்தும் லீக்கும், அதில் அணி வைத்து வேலையும் சம்பளமும் கொடுத்த கம்பெனிகளும் உருவாக்கின. கால்பந்து ரசிகர்கள் பொறாமைப்பட வேண்டியது சேப்பாக்கத்தின் அந்த லீக்கைப் பார்த்து.

4. பட்டியலில் யார் பெயர் இருக்கும்?

என் வாதத்தின் மையம் இதுதான். 2014 டிராஃப்ட்டில் மொத்தம் 84 இந்திய வீரர்கள். 2017-இல் 205. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வீரர்கள். பெரும்பாலும் நாட்டின் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக் மன்றங்களிலோ தேசிய முகாமிலோ இருந்தவர்கள். பட்டியலில் ஏறுவதற்கு முன்பே ஒரு பையனின் தலைவிதி தீர்மானமாகிவிடுகிறது. பெரும்பாலும் பதிமூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையில்.

எங்கள் குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம். மறு பக்கம் எலியட்ஸ் பீச், கார்ல் ஷ்மிட் நினைவகம். பின்னால் தியசாஃபிகல் சொசைட்டியின் தோப்பு. சாயங்காலம் வலை வேலை முடிந்த இடத்தில் பையன்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். மணலில் ஆடி வளர்ந்த கால் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மணலில் பந்து உருளாது. தரைப் பாஸ் பழகாது. பதினொரு பேர் கொண்ட அணியில், வரைந்த கோட்டுக்குள், முழு அளவு மைதானத்தில், பூட் போட்டு ஆடும்போது நிற்க வேண்டிய இடம் எது, ஓட வேண்டிய நேரம் எது என்பது வேறு படிப்பு. அந்தப் படிப்பு இவர்களுக்கு எங்கே கிடைக்கிறது? பக்கத்துத் தெருக்களில் செயற்கைப் புல் மைதானங்கள் இருக்கின்றன, மணிக்கணக்கு வாடகைக்கு. அகாதமிகள் இருக்கின்றன, மாதக் கட்டணத்துக்கு. லீக் ஆட்டம் ஆட வேண்டுமென்றால் நேரு பார்க், ஐ.சி.எஃப். என்று நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும்; இரண்டு பஸ் மாறி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. பிறப்புச் சான்றிதழோடு மன்றத்தில் பதிவு செய்ய ஆள் வேண்டும். அப்பா கடலுக்குப் போகிற வீட்டில், அம்மா மீன் விற்கப் போகிற வீட்டில், பையனை வாரம் நாலு நாள் அழைத்துப்போய்க் கூட்டிவர யாருக்கு நேரம்? பதினாறு வயதில் அவனும் படகில் ஏறிவிடுகிறான், அல்லது டெலிவரி வேலைக்குப் போகிறான். அவன் ஒருநாளும் 206-ஆவது பெயராகக்கூட ஆவதில்லை. டிராஃப்ட் அவனைத் தேடி வராது. அதற்கு அப்படித் தேடும் வேலையே இல்லை.

மீனவக் கரையில் திறமை இல்லையா? குமரி மாவட்டத்துக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை பக்கத்து ஊர்களில் கால்பந்து வீட்டுச் சொத்து. ஊருக்கொரு அணி, திருவிழாவுக்கொரு டோர்னமெண்ட், பார்க்க ஊரே கூடும். கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் எப்படியோ அப்படி. அந்தக் கரையிலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். இன்னொரு தமிழ்நாட்டு மன்றமான சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் போனார். அவர்கள் கடலும் எங்கள் கடலும் ஒன்று. வேறுபாடு, அங்கே ஒரு பையன் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை நிற்காமல் போட்டி ஆட முடியும். இங்கே முடியாது.

கடலூரைப் பாருங்கள். சுனாமி அடித்த அந்த மாவட்டத்தில் பெண் குழந்தைகளைச் சேர்த்து வைத்து வருடக்கணக்கில் பந்து சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் மறுபடியும் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தது. “தமிழ்நாட்டில் ஆள் இல்லை, அதனால் டிராஃப்ட் வேண்டும்” என்று சொல்பவர்கள் இந்த மூன்று கோப்பைகளையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆண்களிலும் ஆள் இருக்கிறது. முன்னாள் வீரர் ராமன் விஜயனின் அகாதமியில் வளர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூருவுக்கு ஆடியிருக்கிறார். 2018-19 ஐ-லீக்கை ஜெயித்த சென்னை சிட்டி, எட்வின் சிட்னி வான்ஸ்பாலையும் ரொமாரியோ ஜேசுராஜையும் நாட்டுக்குக் காட்டியது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை 2017-இல் தில்லி டைனமோஸ் எடுத்தது. அந்த மன்றம் இடம்பெயர்ந்து ஒடிஷா ஆனபோது அவரும் புவனேஸ்வர் போனார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த ஒரே கோலை அடித்தவர் அவர். டிராஃப்ட் நம் பையன்களை நம் கண்ணில் காட்டும் என்கிறார்கள். டிராஃப்ட் நடந்த வருடத்திலேயே நம் பையன் வேறு ஊருக்குத்தான் போனார்.

5. வளர்த்தவனுக்கு என்ன கிடைக்கும்?

உலகக் கால்பந்தில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு வீரன் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை அவனுக்குப் பயிற்சி கொடுத்த மன்றங்களுக்கு அந்தத் தொகையில் 5 சதவிகிதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா. வளர்த்த கைக்குப் பங்கு என்பது கொள்கை. டிராஃப்ட்டில் மாற்றுத் தொகை என்ற ஒன்றே இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். வியாசர்பாடியில் இருபது வருடமாகக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அந்த மேடையில் நாற்காலி கிடையாது. இன்னும் மோசம், பெரிய மன்றத்துக்கும் வளர்க்க வேண்டிய அவசியம் போய்விடும். பத்து வருடம் செலவழித்து ஒருவனை உருவாக்கி, அவன் பெயரைப் பொதுப் பட்டியலில் போட்டு, முறை வரும்போது வேறு அணி தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எந்த மன்றம் அகாதமி நடத்தும்?

6. வீரனும் மனிதன்தான்.

இந்தக் கோணத்தை யாரும் பேசுவதில்லை. ஒரு கால்பந்து வீரனின் தொழில் வாழ்க்கை பத்து வருடம் நீடித்தால் அதிகம். முட்டியில் ஒரு அடி பட்டால் அதுவும் இல்லை. 2018-இல் கோப்பை ஜெயித்த அணியில் ஆடிய தனபால் கணேஷ் அடுத்த சீசன் முழுவதையும் காயத்தால் இழந்தார். அந்தச் சில வருடங்களில் எந்த ஊரில் ஆடுவது, எந்தப் பயிற்சியாளரிடம் கற்பது, எவ்வளவு சம்பளம் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமையை அவனிடமிருந்து பிடுங்கி, முறை வந்த அணியிடம் கொடுப்பது எந்த நியாயம்? அமெரிக்காவில் வீரர்களுக்குப் பலமான சங்கம் இருக்கிறது, லீக்கோடு ஒப்பந்தம் பேசுகிறது. அந்த உரிமைக்கு ஈடாகக் குறைந்தபட்சச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கித் தருகிறது. இங்கே லீக் நின்றால் சம்பளம் நின்றுவிடுகிறது. 2025-இல் அதை நேராகப் பார்த்தோம். பாதுகாப்பைக் கொடுக்காமல் சுதந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

7. ஏறும் படியும் இறங்கும் படியும் இருக்கும் லீக்கில் டிராஃப்ட் நிற்காது.

கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு என்பதுதான் டிராஃப்ட்டின் தர்மம். கடைசி இடத்து அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால்? மூடிய லீக்கில் மட்டுமே இந்த முறை பொருந்தும். ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற கதவு 2023-இல் பஞ்சாபுக்கும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் திறந்தது. 2019-இல் அந்தக் கதவு திறந்திருந்தால் சென்னை சிட்டி மேலே வந்திருக்கும். தமிழ்நாட்டுக்கு உச்சப் பிரிவில் இரண்டு அணி இருந்திருக்கும். கோப்பை ஜெயித்த இரண்டு வருடத்தில் அந்த மன்றம் ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போனது. டிராஃப்ட் கேட்பவர்கள் தங்களை அறியாமலே அந்தக் கதவை மறுபடி சாத்தச் சொல்கிறார்கள். தோற்றால் பரிசு என்ற ஏற்பாட்டின் விளைவையும் எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றே தோற்கும் அணிகளைத் தடுக்கத்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1985-இல் முதல் தேர்வுக்குக் குலுக்கல் கொண்டுவந்தது. பிப்ரவரியில் சென்னை ஒன்பதாவது இடத்தில் இருக்கும்போது, “தோற்றாலும் நல்லதுதான்” என்று கேலரியில் ஒருவன் சொல்லும் நாள் வர வேண்டுமா?

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்துக்கு மட்டும் உண்மையான பலம் இருக்கிறது: பணம். மோகன் பகான் 2024-25-இல் லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து எடுத்தது, சென்னை பதினொன்றாவது. பண பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தின் பிரச்சினைக்குப் பணத்தில்தான் தீர்வு. சம்பள உச்சவரம்பைக் கண்டிப்பாக நடத்துங்கள். கணக்கை வெளியிடச் சொல்லுங்கள். ஒளிபரப்பு வருமானத்தைச் சமமாகப் பிரியுங்கள். ஹைதராபாத் 2021-22-இல் கோப்பை ஜெயித்தது விலை உயர்ந்த பெயர்களை மட்டும் வைத்து அல்ல. ஆகாஷ் மிஸ்ரா, ஆஷிஷ் ராய் போன்ற இளைஞர்களைப் பயிற்சியாளர் மனோலோ மார்கேஸ் பொறுமையாக ஆட வைத்தார். அந்த மன்றம் பிறகு பண நெருக்கடியில் சிதைந்து தில்லிக்குப் போனது, அதையும் மறைக்கவில்லை. நிர்வாகம் சரியில்லையென்றால் நல்ல அணியும் நிலைக்காது. டிராஃப்ட் நிர்வாகத்தைச் சரிசெய்யாது.

ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2017-இல் ஐந்தானது, 2021-இல் நான்கானது. அதன்படி பதினொரு பேரில் குறைந்தது ஏழு பேர் இந்தியர்கள். எந்த அணி இந்திய வீரர்களைச் சொந்தமாக வளர்க்கிறதோ அந்த அணிக்குத்தான் அடுத்த பத்து வருடம். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் 2022 முதல் இளையோர் லீக் நடத்துகிறது. அதில் இறக்க ஆள் வேண்டும். சென்னையின் எஃப்.சி.க்கு எண்ணூரிலிருந்து கோவளம் வரை நீண்ட கரை இருக்கிறது. அந்தக் கரையில் எத்தனை குப்பங்கள், அவற்றில் எத்தனை பையன்களும் பெண்களும் தினமும் பந்தை உதைக்கிறார்கள் என்று மன்றம் ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ரசிகர்களிடம் கேட்கிறேன். டிராஃப்ட் கேட்டுக் குரல் கொடுக்காதீர்கள். மன்றத்திடம் இதைக் கேளுங்கள்: பதிமூன்று, பதினைந்து, பதினேழு வயது அணிகளில் சென்னைக் குப்பங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? அவர்களுக்குக் கட்டணம் உண்டா, பஸ் காசு யார் தருகிறார்கள்? தமிழ்நாடு கால்பந்து சங்கத்திடம் கேளுங்கள்: தென்சென்னையில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு வருடம் முழுக்க நடக்கும் லீக் எப்போது? மாநகராட்சியிடம் கேளுங்கள்: அடையாறு முகத்துவாரத்துக்கும் திருவான்மியூருக்கும் நடுவே, காசு வாங்காத ஒரு முழு அளவு மைதானம் எந்த வருடம்? பதில் எழுத்தில் வரும்வரை ஒவ்வொரு ஹோம் மேட்ச்சிலும் கேளுங்கள்.